மூலநிரலைக் கொடுத்த பின் பெயர் யாருடையது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிக்கொண்டு தொடங்குகிறேன். கொழும்பின் பஸ் வழித்தடங்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றை நீங்கள் மூவர் சேர்ந்து எழுதி, நிரலை எவரும் எடுத்துத் திருத்திப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வெளியிட்டீர்கள். சில மாதங்களில் வேறொருவர் அந்த நிரலை எடுத்து, இடையிடையே விளம்பரங்களைச் செருகி, அதே பெயரிலும் அதே ஐகனிலும் செயலிக் கடையில் ஏற்றிவிட்டார். விளம்பரத் தொல்லைக்கான திட்டெல்லாம் உங்களுக்கு வருகிறது. உங்கள் நண்பரோ, கட்டற்ற மென்பொருளுக்கு பிராண்ட் என்று ஒன்று இருக்கவே கூடாது, கொடுத்தது கொடுத்ததுதான் என்கிறார். அவர் சொல்வது சரியா, பெயரையும் இலச்சினையையும் காப்பாற்ற வழி உண்டா, கையில் காசில்லாத மூவர் மூன்று மொழிகளின் எழுத்துகளுக்கும் பொருந்தும் ஒரு தோற்றத்தை எப்படி உருவாக்குவது என்பவை உங்கள் கேள்விகள்.

நிரலைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வது சரி. பெயரைப் பற்றி அவர் சொல்வது தவறு. அந்த நபர் நிரலை எடுத்ததும், மாற்றியதும், விளம்பரம் செருகியதும் நீங்களே கொடுத்த அனுமதிக்குள் அடங்குகின்றன. அவர் அதைக் காசுக்கு விற்றிருந்தாலும் அப்படித்தான். மாற்றிய மூலநிரலைத் தன் பயனர்களுக்கு அதே உரிமத்தில் கிடைக்கச் செய்திருக்கிறாரா, மாற்றப்பட்ட பதிப்பு இது என்று தெளிவாகக் குறித்திருக்கிறாரா என்ற இரண்டையும் நீங்கள் கேட்கலாம். உரிமத்தின் 5 ஆம், 6 ஆம் பிரிவுகள் அவற்றைக் கட்டாயமாக்குகின்றன. ஆனால் ஜிபிஎல் பதிப்புரிமையைப் பற்றிய உரிமம். எழுதியதை யார் நகலெடுக்கலாம், யார் திருத்தலாம் என்பதே அதன் பேச்சு. ஒரு பொருள் யார் கையிலிருந்து வந்தது என்று பயனருக்குச் சொல்வது வர்த்தகக் குறியின் வேலை. இரண்டும் வேறு வேறு சட்டங்களிலிருந்து பிறந்தவை.

காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் தன் கொத்துரொட்டிச் செய்முறையை எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர் எவரும் அதைச் செய்து விற்கலாம், உறைப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் அவருடைய பெயர்ப்பலகையையும் அப்படியே எழுதித் தன் வாசலில் ஒருவர் மாட்டினால், அங்கே சாப்பிட்டு வயிற்றுவலி கண்டவர் முதற்கடைக்குத்தான் சண்டைக்கு வருவார். இப்போது உங்களுக்கு நடப்பது இதுதான்.

உரிமங்களை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஜிபிஎல் போன்ற இன்னொரு திறந்த மூல உரிமமான அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, வர்த்தகப் பெயர்களையும் குறிகளையும் பயன்படுத்த அனுமதி தரவில்லை என்று 6 ஆம் பிரிவில் நேராகவே சொல்கிறது. 2007 இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, வர்த்தகக் குறிகளுக்கு உரிமை தரப்படவில்லை என்றும், மாற்றிய பதிப்புகள் மூலப்பதிப்பிலிருந்து வேறானவை என்று தெரியும்படி குறிக்கப்பட வேண்டும் என்றும் ஆக்கியோர் தம் பங்குக்குச் சேர்த்துக்கொள்ள 7 ஆம் பிரிவில் இடம் விட்டிருக்கிறது. நீங்கள் அப்படி எதையும் சேர்க்கவில்லை. பெரும்பாலானோர் சேர்ப்பதில்லை, ஏனென்றால் உரிமக் கோப்பை யாரும் வாசிப்பதில்லை; நிரலை வைக்கும் இணையக் களஞ்சியத்தைத் திறக்கும்போது ஒரு பட்டியலிலிருந்து அதைத் தெரிவுசெய்வதோடு சரி.

கொள்கை அளவில் உங்கள் நண்பருக்கு இருக்கும் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஜிபிஎல்லை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே, விநியோகங்களுக்கான, அதாவது இயங்குதளத்தையும் செயலிகளையும் சேர்த்துத் தரும் தொகுப்புகளுக்கான, தன் வழிகாட்டலில், குறியின் பயன்பாட்டை மட்டும் கட்டுப்படுத்தும் விதிகளை ஏற்கிறது. குறியை நீக்குவது பெரும்பாடாக இருக்கக் கூடாது, நிரலைத் திருத்தும் சுதந்திரம் அந்த வழியாகப் பறிபோகக் கூடாது என்பதே அவர்களின் கவலை. இந்தக் கவலை வெறும் கற்பனை அன்று. பயர்பொக்ஸ் உலாவியும் டெபியன் விநியோகமும் பத்தாண்டு காலம் பிணங்கியிருந்ததற்குக் காரணமும் இதுதான்.

பயர்பொக்ஸுக்கு முதலில் அந்தப் பெயர் இருக்கவில்லை. 2002 இல் அது பீனிக்ஸ் என்ற பெயரோடு வந்தது. அதே பெயரில் ஒரு கணினி நிறுவனம் ஏற்கெனவே இருந்ததால், 2003 இல் பயர்பேர்ட் ஆயிற்று. அந்தப் பெயரில் ஒரு தரவுத்தளத் திட்டம் இருந்தது. அதுவும் திறந்த மூலத் திட்டமே, அதன் ஆட்கள் கோபத்தோடு எதிர்த்தார்கள். 2004 பெப்ரவரியில் மூன்றாவது பெயராகப் பயர்பொக்ஸ் வந்தது. அச்சொல் உண்மையில் செம்பாண்டாவைக் குறிக்கும் என்றாலும், ஜோன் ஹிக்ஸ் வரைந்து முடித்த இலச்சினையில் உலகத்தைச் சுற்றி வளைந்து கிடப்பது நரிதான். பெயருக்காக இரண்டு முறை அடிபட்ட மொசில்லா, அதாவது பயர்பொக்ஸை உருவாக்கும் அமைப்பு, மூன்றாவது பெயரை இறுகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

அப்போது டெபியன் பயர்பொக்ஸை விநியோகித்துக்கொண்டிருந்தது, ஆனால் நரி இல்லாமல். இலச்சினைப் படத்தின் பதிப்புரிமை நிபந்தனைகள் தன் கட்டற்ற கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்பதால், பெயரை வைத்துக்கொண்டு படத்தை மட்டும் மாற்றி, வெறும் நீல உருண்டையை ஐகனாக வைத்திருந்தது. 2006 இல் மொசில்லா, பெயரும் படமும் சேர்ந்தே போக வேண்டும் என்றது. நிரலில் டெபியன் செய்யும் திருத்தங்களுக்கும் தன் ஒப்புதல் வேண்டும் என்றது. பழைய நிலைத்த பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே பின்னோக்கி எடுத்துச் சென்று பொருத்துவது டெபியனின் வழக்கம். ஒவ்வொன்றுக்கும் போய் ஒப்புதல் கேட்டுக்கொண்டிருக்க அதனால் இயலாது. எனவே அது பெயரையே கைவிட்டது. தீ போய்ப் பனி வந்தது, நரி போய் வீசல் (கீரி போன்ற சிறு விலங்கு) வந்தது: ஐஸ்வீசல். தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலி ஐஸ்டவ் ஆனது. 2016 வரை டெபியன் பயனர்கள் அந்தப் பெயரோடுதான் உலாவினார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்டால், இரு பக்கமும் உண்டு என்று சொல்லித் தப்ப மாட்டேன். குறியைக் காப்பதில் மொசில்லா சரி. திருத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்டதில் அது எல்லை மீறியது. ஆனால் சண்டையின் நடுவே ஒன்றைக் கவனியுங்கள். டெபியனால் அந்தப் பெயரை விட்டுவிட்டு, நிரலை முழுதாக வைத்துக்கொண்டு, பயனருக்கு ஒரு நாளும் உலாவி இல்லாமற் போகாமல் தொடர முடிந்தது. பயர்பொக்ஸின் மூலநிரலில் பெயர், ஐகன் போன்ற அடையாளக் கோப்புகள் தனி அடைவில் (கோப்புறையில்) இருக்கின்றன. அதிகாரபூர்வ அடையாளம் ஒன்று, அதிகாரபூர்வமற்ற அடையாளம் ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நிரலைத் தொகுத்துச் செயலியாக்கும்போது தனியாக ஒரு தெரிவைக் கொடுத்தால்தான் நரி வரும். கொடுக்காவிட்டால் பெயரில்லாத பொதுத் தோற்றம் வரும்.

உங்கள் செயலியில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். நான் உங்கள் களஞ்சியத்தைப் பார்த்தேன். செயலியின் பெயர் மூன்று மொழிச் சரங்களிலும், அறிமுகத் திரையிலும், பகிரும் செய்தியிலும், பிழைச் செய்திகளிலும் சிதறிக் கிடக்கிறது. நல்ல எண்ணத்தோடு ஒருவர் நிரலைப் பிரதியெடுத்துத் தனிக் கிளையாகப் பிரித்துப் பெயரை மாற்ற நினைத்தாலும், அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அவருக்கு ஒரு நாள் போய்விடும். பெயர், ஐகன், நிறங்கள், தொடர்பு முகவரி ஆகிய அனைத்தையும் ஓர் அடைவுக்குள் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே சாம்பல் நிறச் சதுரம் ஒன்றையும் 'பஸ் வழிகாட்டி' போன்ற ஒரு பொதுப் பெயரையும் வைத்து, யாரும் எதையும் மாற்றாமல் தொகுத்தால் அவையே வரும்படி செய்யுங்கள். பெயரை மாற்று என்று ஒருவரிடம் கேட்பதற்கு முன், மாற்றுவதை எளிதாக்கி வைத்திருப்பது உங்கள் கடமை.

அடுத்து, பெயர் யாருடையது என்ற கேள்வி. திறந்த மூல உலகில் நிரலுக்காக நடந்த சண்டைகளை விடப் பெயருக்காக நடந்தவையே கசப்பானவை என்பது என் எண்ணம். 2010 இல் ஓப்பன் ஒபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் உருவாக்குநர்களில் பலர் ஒரக்கிள் நிறுவனத்தின் கீழிருந்து பிரிந்து தனி அறக்கட்டளையாக இயங்க முடிவுசெய்தபோது, நிரலை எடுத்துக்கொண்டு போக அவர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. பெயரைத் தரும்படி ஒரக்கிளைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. எனவே லிப்ரே ஒபிஸ் பிறந்தது. மறு வருடம் ஒரக்கிள் பழைய பெயரை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது, ஆனால் அதற்குள் உழைப்பவர்கள் பெரும்பாலும் புதிய பெயருக்குப் போய்விட்டிருந்தார்கள். இன்றும் பழைய பெயரைத் தேடிப் பதிவிறக்கி, ஏன் இது வருடக்கணக்காக மாறவில்லை என்று கேட்பவர்களைக் கொழும்பிலும் நான் காண்கிறேன். 2011 இல் ஹட்சன் என்ற நிரலாளர் கருவி, ஜென்கின்ஸ் ஆனதும் இதே கதை. லினக்ஸ் என்ற இயங்குதளப் பெயரையே 1990களின் நடுவில் அமெரிக்காவில் வேறொருவர் தன் பெயரில் பதிவுசெய்துகொண்டு, அதைப் பயன்படுத்தியவர்களிடம் பங்கு கேட்டுக் கடிதம் எழுதினார். வழக்குத் தொடுத்துத்தான் 1997 இல் அது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடம் வந்தது.

நீங்கள் மூவர். ஒருவர் மெல்பேர்னுக்குப் போகப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் மூவரில் யாருடையது என்பதை இன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். இலங்கையில் வர்த்தகக் குறிகள் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன; பதிவுசெய்யும் இடம் கொழும்பு 10 இல், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். மென்பொருள், பன்னாட்டு வகைப்படுத்தலில் 9 ஆம் வகுப்பில் சேரும். பதிவு 10 வருடங்களுக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம். பதிவில்லாத பெயருக்கும் காவல் அறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். அதே சட்டத்தின் 160 ஆம் பிரிவு, பொதுமக்களுக்குக் குழப்பம் விளைவிக்கும் நியாயமற்ற போட்டியைத் தடுக்கிறது. ஆனால் நீங்கள்தான் அந்தப் பெயரை முதலில் இருந்து பயன்படுத்தி வருகிறீர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும். வெளியீட்டுத் திகதிகளையும், பயனர்கள் அனுப்பிய முறைப்பாடுகளையும், பழைய திரைப்பிடிப்புகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நான் சட்டத்தரணி அல்லன். விண்ணப்பத்துக்கு முன் ஒருவரைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். நன்றாக வாழ்ந்த திட்டங்கள் பலவும் ஒரு குறியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு படத்தை ஊருக்கு விட்டிருக்கின்றன. டெபியனிடம் இரண்டு இலச்சினைகள் உண்டு: செந்நிறச் சுழி தனியாக இருப்பது எல்லோருக்கும், போத்தலிலிருந்து சுழி கிளம்புவது திட்டத்தின் அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கு. லினக்ஸ் என்ற சொல் பதிவுபெற்ற குறி. லினக்ஸின் சின்னமான டக்ஸ் பென்குவினோ 1996 இல் லாரி யூயிங் கிம்ப் மென்பொருளில் வரைந்து, கேட்டால் என் பெயரையும் கிம்பின் பெயரையும் சொல்லுங்கள் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்காமல் விட்டது. அதனால்தான் அது உலகமெங்கும் விதவிதமான தொப்பிகளோடும் உடைகளோடும் அலைகிறது. ரஸ்ட் நிரல்மொழியின் பற்சக்கர இலச்சினை ரஸ்ட் அறக்கட்டளையிடம் இருக்கிறது, பெரிஸ் என்ற நண்டோ பொதுவுடைமை. 2023 ஏப்ரலில் அந்த அறக்கட்டளை தன் குறிகளுக்கு மிக இறுக்கமான ஒரு வரைவுக் கொள்கையை வெளியிட்டபோது அதன் ஆர்வலர்களே கொதித்தெழுந்தார்கள், வரைவைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. வைத்திருப்பதற்கும் இறுக்குவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை அவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

கிளை பிரிப்பவருக்கு நீங்களே ஒரு சொற்றொடரையும் கொடுத்துவிடலாம். பெடோரா என்ற லினக்ஸ் விநியோகத் திட்டம், தன் விநியோகத்தை மாற்றி வெளியிடுபவர்களுக்கென்றே 'பெடோரா ரீமிக்ஸ்' என்ற துணைக்குறியை ஒதுக்கி வைத்திருக்கிறது. பெடோராவை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டில் உருவான ஹந்தான லினக்ஸ், கண்டிக்கு அருகிலுள்ள மலைத்தொடரின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டு தனி முகத்தோடு நின்றது. 'இன்ன செயலியின் நிரலை அடிப்படையாகக் கொண்டது, அவர்களின் வெளியீடு அன்று' என்று ஒரு வரி. அதை யாரும் அனுமதி கேட்காமல் போடலாம் என்று எழுதி வையுங்கள்.

இனித் தோற்றத்துக்கு வருகிறேன். இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பல வருடங்களுக்கு முன் எங்கள் குழு மென்பொருள் சுதந்திர தினத்துக்கு ஒரு பதாகை அடிக்கத் தீர்மானித்தது. இலச்சினையை ஒரு நண்பர் தன்னிடமிருந்த வணிக மென்பொருளில் வரைந்திருந்தார். மூலக்கோப்பு அவருடைய மடிக்கணினியில், மடிக்கணினி அவரோடு டோஹாவில். எங்களிடம் இருந்தது ஒரு சிறிய படம் மட்டும். அதைப் பத்தடிக்குப் பெருப்பித்தால் ஓரமெல்லாம் படிக்கட்டு. அது போதாதென்று, தமிழ் வாசகத்தை யூனிகோட்டில் எழுதி வெள்ளவத்தையில் ஓர் அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். மாலையில் போனபோது பதாகை சுருட்டித் தயாராக இருந்தது. விரித்தால், 'மென்பொருள்' என்ற சொல்லில் மகரத்துக்கு முன் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய், னகரத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. 'பொ' மூன்று துண்டாகப் பிரிந்து, கொம்பும் அரவும் தம் இடத்தில் இல்லை. சிங்களமும் ஆங்கிலமும் பழுதின்றி இருந்தன. அச்சக அண்ணா சற்றும் கலங்காமல், "தம்பி, பாமினியில அடிச்சுத் தந்திருந்தா இந்தக் கரைச்சல் வந்திராது" என்றார். நாங்கள் கட்டற்ற மென்பொருளையும் திறந்த நியமங்களையும் பற்றிப் பேசப் போகும் மேடைக்கு, தமிழ் உடைந்த பதாகையோடு போனோம்.

அவர் மீது குற்றமில்லை. தமிழின் கொம்புகளை இடம்மாற்றி வைக்கத் தெரியாத பழைய மென்பொருட் பதிப்புகள் அச்சகங்களில் நெடுங்காலம் ஓடின. பாமினி குறியேற்றம் அந்தக் குறையைச் சுற்றிப் போக நம்மவர் கண்ட வழி. ஆகவே, இலச்சினையிலும் பதாகையிலும் வரும் தமிழை, சிங்களத்தை, நீங்களே இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைமென்பொருளில் சரியாக அமைத்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, எஸ்விஜி ஆகவும் பிடிஎப் ஆகவும் அனுப்புங்கள். கோட்டுருவமான பின் அது படம். எந்த அச்சகத்திலும் உடையாது. ஆனால் மாற்றுவதற்கு முந்திய, எழுத்து எழுத்தாகவே இருக்கும் கோப்பையும் களஞ்சியத்தில் வைக்க மறக்க வேண்டாம். அதுதான் இலச்சினையின் மூலநிரல். நிரலைத் திறந்து வைத்து, இலச்சினையின் மூலத்தை ஒருவரின் மடிக்கணினியில் பூட்டி வைக்கும் திட்டங்கள் இன்றும் ஏராளம்.

எழுத்துருவுக்குக் காசு தேவையில்லை. தமிழுக்கும் சிங்களத்துக்கும் நோட்டோ குடும்பத்தில் தடிப்பு ஒத்துப்போகும் வடிவங்கள் உள்ளன. தமிழில் முகப்புக்குக் கட்டமரான், முக்த மலர் போன்றவையும், இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அசீஸ் உருவாக்கிய பவனம், கவிவனார் ஆகியவையும் இருக்கின்றன. சிங்களத்தில் கொழும்பின் மூனியாக் குழு வெளியிட்ட அபய லிப்ரேயும் உண்டு. இவை எல்லாம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகின்றன. உங்கள் நண்பருக்கு அந்த உரிமத்தை வாசிக்கக் கொடுங்கள். எழுத்துருவை எடுக்கலாம், மாற்றலாம், செயலியோடு சேர்த்து விநியோகிக்கலாம். ஆனால் ஆக்கியவர் ஒதுக்கிக்கொண்ட பெயரை மாற்றிய பதிப்புக்கு வைக்கக் கூடாது என்று அதிலேயே ஒரு விதி இருக்கிறது. ஒரு வளைவைத் திருத்திவிட்டு அதே பெயரில் விட்டால், பத்தாயிரம் ஆவணங்களில் வரி முறிவு மாறிப்போகும். அதற்கு யாரைக் கேட்பது?

மூன்று எழுத்துகளையும் ஒரே அளவு எண்ணில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஒரே எண்ணில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே அளவாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிங்களத்துக்கு மேலும் கீழும் குறிகள் வரும், தமிழுக்கு அகலம் கூடுதலாக வேண்டும், ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அளந்த வரியுயரத்தில் 'மூ', 'ழு' போன்றவற்றின் அடி வெட்டுப்படும். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் அதை மட்டும் சுருக்கி இடத்துக்குள் அடக்குவது எளிதான வழி. பெயர்ப்பலகைகளில் மூன்றில் ஒன்று மெலிந்து சிறுத்துப் போவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது எப்படி உறைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீளமான சொல்லை முதலில் அமைத்து, மற்ற இரண்டையும் அதற்கேற்ப வையுங்கள்.

ஐகனில் எழுத்தே வேண்டாம் என்பது என் கருத்து. இப்போதைய உங்கள் ஐகனில் 'பஸ்' என்று மூன்று எழுத்திலும் எழுதியிருக்கிறீர்கள். அன்ட்ரொயிட் ஐகனின் பரப்பு 108 அலகு என்றாலும், எந்த வடிவில் வெட்டினாலும் தப்புவது நடுவிலுள்ள 66 அலகு வட்டம் மட்டுமே. அந்த வட்டத்துக்குள் மூன்று சொற்கள். நான் அதை அறிவிப்புப் பட்டையின் அளவுக்குச் சிறிதாக்கிப் பார்த்தேன். ஸகரத்தின் மேலிருந்த புள்ளி மறைந்து 'பஸ' என்றே நின்றது, சிங்களம் ஒரு கறுப்புப் பொட்டாகிவிட்டது. புறக்கோட்டையில் நின்று பஸ் தேடுபவர் எதைப் பார்க்கிறார் என்று யோசியுங்கள். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் இலக்கத்தை. 138 என்றால் மகரகமைக்குப் போகும் எவருக்கும் அது 138தான். தமிழருக்கும் சிங்களவருக்கும் அது ஒரே வடிவம். இலக்கப் பலகையின் உருவத்தை, ஏதாவது ஒரு பாதையின் இலக்கத்தைக் குறிப்பாகப் போடாமல், ஐகனாக்க முடியுமா என்று பாருங்கள்.

பெயருக்கும் இதே அளவுகோல்தான். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கொழும்பில் தன்னார்வலர்கள் எழுதிய அனர்த்த முகாமைத்துவ மென்பொருளுக்கு 'சஹானா' என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். மூன்று எழுத்திலும் குறுகிய சொல், எந்த நாட்டவர் வாயிலும் நுழையும். 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியபோது, பெயரை யாருக்கும் விளக்கி எழுத வேண்டியிருக்கவில்லை. உங்கள் செயலியின் ஆங்கிலச் சிலேடைப் பெயர் தமிழில் எழுதினால் பொருளற்ற ஒலியாகிவிடுகிறது; எப்படியும் அடையாளத்தைப் புதுக்கப் போகிறீர்கள் என்றால், அதையும் மறுபடி யோசிக்கலாம்.

நிறத்தில் இரண்டு எச்சரிக்கை. சிவப்பு பஸ் வரைந்தால் இது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) அதிகாரபூர்வச் செயலி என்று மக்கள் நினைப்பார்கள். உங்களைப் பார்த்து ஒருவர் செய்ததாக நீங்கள் முறையிடும் அதே குழப்பத்தை நீங்களே சபைக்குச் செய்தவர்களாவீர்கள். பச்சை, நீலம், கடுஞ்சிவப்பு ஆகியவற்றைத் தேர்தல் காலத்தில் யாரும் வெறும் நிறமாகப் பார்ப்பதில்லை. இதைத் தவிர, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான வேறுபாடு 4.5க்கு 1 என்ற அணுகல்தன்மை அளவுக்குக் குறையாமல் இருந்தால், மீதி உங்கள் விருப்பம். சின்னங்களுக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறும் என்பதும் நினைவில் இருக்கட்டும். குனோம் என்ற கணினி மேசைத்தளத் திட்டத்தின் இலச்சினை ஒரு பாதம். ஒருவரை நோக்கிக் காலை நீட்டுவது அவமரியாதை என்ற ஊரும் இதுதான், சிவனொளிபாதத்துக்கு ஏறிப் போய்க் கும்பிடும் ஊரும் இதுதான்; எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னமும் தீர்மானமில்லை.

கடைசியாக, அந்த நபருக்கு எழுதுவது பற்றி. இன்று எழுத வேண்டாம். காரணம் உங்கள் பக்கத்தில் உள்ள ஓட்டை: உங்கள் ஐகன் கோப்பு நிரலோடு அதே களஞ்சியத்தில், தனி நிபந்தனை எதுவுமின்றிக் கிடக்கிறது, ஆகவே படமும் ஜிபிஎல்லின் கீழ் கொடுக்கப்பட்டது என்று அவர் வாதிடலாம், அந்த வாதத்துக்கு வலுவும் உண்டு. கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. பழைய ஐகனை அவரிடமே விட்டுவிடுங்கள். புதிய ஐகனை வரைந்து, அடையாள அடைவுக்குள் வைத்து, அந்த அடைவுக்கு மட்டும் தனி உரிமக் குறிப்பு எழுதி, 7 ஆம் பிரிவு இடம் தரும் இரண்டு நிபந்தனைகளையும் அடுத்த வெளியீட்டின் நிரலோடு சேருங்கள். நிரலுக்கு வேறு பங்களிப்பாளர்கள் இருந்தால் அவர்களின் ஒப்புதலையும் எழுத்தில் பெறுங்கள்.

அந்த வெளியீடு வந்த மறுநாள் அவருக்கு எழுதுங்கள். நிரலைப் பயன்படுத்தியதற்கு நன்றி என்று தொடங்குவதில் தவறில்லை. சட்டப்படி அவர் அதற்கு உரியவர். மாற்றிய மூலநிரலுக்கு இணைப்பைக் கேளுங்கள். இரண்டு செயலிகளும் ஒரே பெயரில் இருப்பதால் பயனர்கள் ஏமாறுவதை, வந்த முறைப்பாடுகளில் இரண்டு மூன்றை இணைத்துக் காட்டுங்கள். பெயரை மாற்றும்படி கேட்டு, அதற்கு எந்த அடைவில் எந்தக் கோப்பைத் திருத்தினால் போதும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் செயலிக் கடையின் ஆள்மாறாட்ட முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி, அந்தக் கடிதத்தையும் அதனோடு இணையுங்கள்.